தராசு இல்லாமல் ஒரு எடை

ஆயிரம் கேலக்ஸிகள் சேர்ந்த ஒரு கொத்தை எப்படி எடை போடுவது? காய்ச்சல் பார்க்கிற மாதிரி அதன் சூட்டைப் பார்த்தே போடுகிறார்கள். செமினாருக்காகப் படிக்க ஆரம்பித்தேன், செமினார் முடிந்தும் விட மனசில்லை.

1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தைப் பார்த்தார். உள்ளே கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்துக்கு அது எப்போதோ சிதறியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எதுவோ பிடித்து வைத்திருக்கிறது என்றார். அதுதான் கரும்பொருள்.

எக்ஸ் கதிர்கள் நம் காற்று மண்டலத்தைத் தாண்டி வராது, மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1970-ல் கென்யா கடலோரத்திலிருந்து போன உஹுரு செயற்கைக்கோள் பார்த்தபோது, கொத்துகளில் கேலக்ஸிகளுக்கு நடுவே இருக்கிற 'வெற்றிடமே' எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தது. அங்கே இருப்பது ஒரு கோடி முதல் பத்து கோடி டிகிரி வரை கொதிக்கும் வாயு. ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் துகள் என்கிற அளவில் அவ்வளவு மெல்லியது. ஆனாலும் மொத்தமாகக் கூட்டினால், அந்தக் கொத்தின் எல்லா நட்சத்திரங்களையும் விட பல மடங்கு கனம்!

இப்போது யோசித்துப் பாருங்கள். இவ்வளவு சூடான வாயு பிய்த்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. வாயுவின் அழுத்தம் வெளியே தள்ள, ஈர்ப்பு உள்ளே இழுக்க, இரண்டும் சமமாக நிற்கின்றன. நம் பூமியின் காற்று மண்டலம் நிற்பதும் இப்படித்தான். எக்ஸ் கதிரின் பிரகாசத்திலிருந்து அடர்த்தி, நிறமாலையிலிருந்து வெப்பநிலை, இரண்டும் சேர்ந்தால் அழுத்தம். மையத்திலிருந்து வெளியே போகப் போக அழுத்தம் எப்படிக் குறைகிறது என்று தெரிந்தால் உள்ளே எவ்வளவு எடை என்று கணக்குப் போட்டுவிடலாம். பெரிய கொத்துகளுக்கு விடை ஆயிரம் லட்சம் கோடி சூரியன் வரை போகும்.

சரி, இதனால் என்ன பயன்? 1993-ல் சைமன் வைட்டும் கூட்டாளிகளும் கோமாவில் சாதாரணப் பொருளின் பங்கு ரொம்ப அதிகம் என்று காட்டினார்கள். பிரபஞ்சத்தை முழுக்கப் பொருளே நிரப்புகிறது என்ற அன்றைய கணக்கு அப்போதே உதைத்தது. சூப்பர்நோவா முடிவுகள் வந்த 1998-க்கு ஐந்து வருடம் முன்னால்! பிறகு 2009-ல், மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்த நம்ம சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கியின் தரவை வைத்து, கனமான கொத்துகள் காலப்போக்கில் எப்படிப் பெருகின என்று விக்லினின் குழு எண்ணியது. இருள் ஆற்றல் அந்த வளர்ச்சிக்குப் போட்ட பிரேக் அதில் தெரிந்தது.

சிக்கல் எங்கே என்றால், வாயு அசையாமல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கொத்துகளோ ஒன்றோடொன்று மோதி வளர்பவை. உள்ளே சுழிப்பு இருந்தால் அதுவும் ஈர்ப்பை எதிர்த்துத் தாங்கும், வெப்பநிலையில் அது தெரியாது. எடை குறைவாகக் காட்டும். 2013-ல் பிளாங்க் குழு எண்ணிய கொத்துகள், ஆதி ஒளியை வைத்துக் கணித்ததை விடக் குறைவாக இருந்தன. எக்ஸ் கதிர் எடை 20% குறைவாகக் காட்டுகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டது போதவில்லை, 40% என்றால்தான் ஒத்துப்போகும். எடை தப்பா, இயற்பியலே தப்பா?

2016-ல் ஜப்பானின் ஹிட்டோமி, பெர்சியஸ் கொத்தின் மையத்தில் சுழிப்பை நேரடியாக அளந்தது. நொடிக்கு 164 கிலோமீட்டர்தான். அழுத்தத்தில் சுமார் 4%. ஏவிய ஐந்தே வாரத்தில் அந்தச் செயற்கைக்கோள் உடைந்து போனது :-( ஆனால் அது பார்த்தது மையத்தை மட்டும். குழப்பம் அதிகம் இருக்க வேண்டியது ஓரங்களில்.

2024-ல் ஈரோசிட்டா குழு வேறு வழி பிடித்தது. 5,259 கொத்துகளை எக்ஸ் கதிரில் கண்டுபிடித்து, எடைக்கு மட்டும் ஈர்ப்பு வில்லையை நம்பியது. பின்னாலிருக்கும் கேலக்ஸிகளின் உருவம் வளைவதைப் பார்த்து எடை போடும் முறை அது, வாயு அசைந்தாலும் கவலையில்லை. வந்த விடை பிளாங்கின் ஆதி ஒளிக் கணக்கோடு ஒத்துப்போனது. எனக்கென்னவோ இதில் எக்ஸ் கதிர் தோற்றதாகத் தோன்றவில்லை. கொத்துகளைத் தேடிப் பிடித்ததே அதுதானே. ஓரங்களில் வாயு எவ்வளவு வேகமாகச் சுழிக்கிறது என்ற கேள்வி மட்டும் பாக்கி. 2023-ல் ஹிட்டோமியின் தம்பியாக மேலே போன எக்ஸ்ரிஸம் அதே வேலையைத்தான் தொடர்கிறது.