சந்திரகிரி: பழைய காருக்கு மலை வைக்கும் பரீட்சை

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில், திருப்பதியை எட்ட ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, மொட்டைப் பாறைக் குன்று ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் அடியில் சந்திரகிரிக் கோட்டை. விஜயநகரப் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில் அதன் தலைநகராக இருந்த ஊர். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் நிலம் கிடைத்தபோது அந்தப் பகுதி சந்திரகிரி அரசரின் ஆட்சியில்தான் இருந்தது. கோட்டைக்குள் மூன்றடுக்கு ராஜ மஹால் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்பு. மரம் சேர்க்காமல் கட்டிய மாளிகை என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள்.

கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்களின் கண்ணில் அடுத்துப் படுவது சேஷாசல மலைத்தொடர். இந்த ஊரில் பாதைகள் மலையில்தான் முடிகின்றன. சந்திரகிரிக்கு அருகே, சீனிவாச மங்காபுரத்தைத் தாண்டியதும் திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிக்கட்டு தொடங்குகிறது. மதனப்பள்ளிப் பக்கம் போகிறவர்கள் பாகராபேட்டைக் கணவாயைக் கடக்க வேண்டும். 2022 மார்ச்சில் நிச்சயதார்த்த கோஷ்டி ஒன்றின் பேருந்து இந்தக் கணவாயில்தான் பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் பழைய அம்பாசடரை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கத் தொடங்கினால், அவர் செய்த வேலைக்கு மதிப்பெண் போடுவது மலைதான். பெயின்ட் பளபளப்பும் புது சீட் உறையும் அங்கே எடுபடாது. என்ஜினில் பிறக்கும் சக்தி கிளட்ச், கியர் பெட்டி, புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் என்று கைமாறிப் பின்சக்கரத்தை எட்டுகிறது. அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அதை முதல் சில கொண்டை ஊசி வளைவுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

அம்பாசடரும் ஏழுமலையும்

திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது 1944இல். அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. இரண்டாவது பாதை வந்தது 1974இல். இப்போது ஏறுவதற்குப் புதிய பாதை, இறங்குவதற்குப் பழைய பாதை. பழைய பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள்.

சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருப்பதிப் பயணம் என்றால் அம்பாசடர்தான். முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் புளியோதரை. கொதிக்கும் ரேடியேட்டர் ஆறட்டும் என்று பானெட்டைத் தூக்கிவைத்து ஓரமாக நிற்கும் கார்கள் அன்றைய மலைப்பாதையின் வழக்கமான காட்சி.

காரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் கொண்டுவந்த அம்பாசடரில், சில காலத்திலேயே இடம்பிடித்தது 1,489 சிசி பெட்ரோல் என்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். சமவெளியில் போதும். ஆனால் அடிவாரத்துக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 700 மீட்டர். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து ஒன்றரை டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க வேண்டும். கார் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு மெதுவாக ஏறும்போது முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு. சூடு ஏறத்தான் செய்யும்.

ஏறும்போது செலவழித்த சக்தி எங்கும் போய்விடுவதில்லை. இறங்கும்போது அது முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். ஒன்றரை டன் கார் 700 மீட்டர் இறங்கினால் உண்டாகும் வெப்பம் கிட்டத்தட்ட 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியவை பழைய அம்பாசடரின் நான்கு டிரம் பிரேக்குகளும், கியரில் இருக்கும் என்ஜினின் இழுவையும்தான். கியரை நியூட்ரலில் போட்டு பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் பழக்கம் இங்கே ஆபத்தானது.

வேப்பமரத்தடி ஒர்க்ஷாப்

இந்தக் கணக்கு புரிந்தவர்கள் வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் பிரேக், அடுத்து ரேடியேட்டர், பிறகு கிளட்ச். என்ஜினுக்குக் கடைசி இடம்.

வீட்டில் செய்யக்கூடிய வேலைகள் நிறைய. சக்கரத்தைக் கழற்றி பிரேக் லைனிங்கையும் வீல் சிலிண்டரையும் மாற்றலாம். ரேடியேட்டரை இறக்கி அடைப்பு எடுக்கக் கடைக்கு அனுப்பலாம். வலுவான சட்டத்தில் செயின் பிளாக் மாட்டி என்ஜினைத் தூக்கி இறக்கலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அல்லது செங்கல்லை அடுக்கிவைத்து காருக்கு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்கும் செலவு பெரியதல்ல.

வீட்டில் முடியாதவையும் உண்டு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டும். கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்ட் செய்ய வேண்டும். இரண்டுக்கும் லேத் பட்டறைதான் கதி. எந்த அளவுக்குப் போரிங், எந்த அளவு பேரிங் என்பதை அளந்து எழுதி வாங்கிக்கொள்பவர் இரண்டாம் முறை செலவழிப்பதில்லை. சாமான்களுக்குச் சந்திரகிரிவாசிகளுக்கும் சென்னைதான் பெரிய சந்தை. புதிது என்றால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, பழையது என்றால் புதுப்பேட்டை. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் உத்தரபாராவில் நின்றுபோன பிறகு இந்தத் தேடல் இன்னும் நீண்டிருக்கிறது.

பழைய என்ஜினைப் பழையபடியே கட்டினாலும் இன்றைய பெட்ரோல் பழையது இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு விடைபெற்றுவிட்டது. வால்வு உட்காரும் இடம் தேயாமல் அந்த ஈயம் பாதுகாத்துவந்தது. எனவே ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட்டுகளைப் பதிப்பது நல்லது. 2023இலிருந்து படிப்படியாக வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்னொரு தலைவலி. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் அது அரிக்கிறது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டையும் சரிபார்க்காவிட்டால் புதிதாகக் கட்டிய என்ஜின்கூட மேட்டில் திணறும்.

பெரிய என்ஜின் ஆசை

பட்டறைக்காரர்களிடம் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: இதிலேயே பெரிய என்ஜின் போட முடியுமா?

முடியும் என்பதற்கு இந்திய கார்களின் சரித்திரமே சாட்சி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கொண்டுவந்த கான்டெஸாவுக்கு வாக்ஸால் காரின் பெரிய உடம்பு, உள்ளே அம்பாசடரின் 1,489 சிசி என்ஜின். வண்டி நகர மறுத்தது என்றே சொல்ல வேண்டும். பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. கான்டெஸாவுக்கு உயிர் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே ஜோடி அம்பாசடருக்குள்ளும் போனது.

முடியாமல் போனதற்கும் சாட்சி உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் மூன்றரை லிட்டர் வி-8 என்ஜினோடும் ஓடிய ரோவர் காரின் அழகான உடம்பு அது. இங்கே அதற்குள் பொருத்தியது பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு பரம்பரையைச் சேர்ந்த இரண்டு லிட்டர் என்ஜின். விலையோ அதிகம், ஓட்டமோ குறைவு. சில ஆண்டுகளிலேயே கார் தயாரிப்பே நின்றது.

தொழிற்சாலைகளே சறுக்கிய விஷயத்தை வாசலில் வைத்துச் செய்பவர் இன்னும் கவனமாக இருந்தாக வேண்டும். டீசல் மலிவாக இருந்த 1980களிலும் 90களிலும் எத்தனையோ அம்பாசடர்களும் ஃபியட்களும் டீசலுக்கு மாறின. கனமான என்ஜின் முன்பக்கத்தை அழுத்தியது. அதிர்வில் மவுன்டிங்குகள் விட்டுப்போயின. கியர் பெட்டியின் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி இணைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். இல்லையென்றால் வேகம் பிடிக்கும்போது தரை முழுதும் உதறும். சக்தி கூடினால் கிளட்சும் பெரிதாக வேண்டும், பிரேக்கும் டிஸ்க் ஆக வேண்டும். என்ஜினை மட்டும் மாற்றியவர் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அம்பாசடருக்குப் புது இதயம் கொடுத்த அதே இசுஸு 2016இல் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலையைத் திறந்தது. 2022இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சந்திரகிரியும் ஸ்ரீசிட்டியும் ஒரே திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டன.

கோட்டைக்கும் காருக்கும் சட்டம்

ராஜ மஹாலைப் பராமரிப்பது இந்தியத் தொல்லியல் துறை. 1958ஆம் வருடத்துச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் யாரும் கைவைத்து மாற்ற முடியாது. விரிசலை அடைக்கலாம், புதுமாடி எழுப்ப முடியாது.

பழைய கார்களுக்கும் இப்போது ஏறக்குறைய அதே மாதிரி ஒரு விதி இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 வருடத்தைத் தாண்டிய காரை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பர் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். பதிவுக் கட்டணம் ரூ. 20,000, பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் சேஸி, பாடி, என்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கும் அது ஆகாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான்.

ஆக 1970ஆம் வருடத்து அம்பாசடர் வைத்திருப்பவர் ஒரு முச்சந்தியில் நிற்கிறார். அசல் என்ஜினையே கட்டினால் கௌரவப் பதிவு கிடைக்கும், தினமும் ஓட்ட முடியாது. இசுஸு என்ஜினைப் போட்டால் ஓட்டும் சுகம் கிடைக்கும், வின்டேஜ் பட்டம் போய்விடும். அதோடு என்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அலுவலகத்தின் அனுமதி வாங்கி, ஆர்சியில் புது எண்ணைப் பதிவு செய்தாக வேண்டும். தயாரிப்பாளர் நிர்ணயித்த அம்சங்களுக்கு விரோதமாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பதியாத என்ஜினோடு மலைப்பாதையில் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடு தகராறு நிச்சயம். இருபது வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆகிவிட்டது.

திருமலைக்கே ஓட்டிப்போக விரும்புகிறவர் இன்னொன்றும் செய்ய வேண்டும். எந்த வயது வண்டியை மேலே விடுவார்கள் என்ற விதியைத் தேவஸ்தானத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அலிபிரி சோதனைச் சாவடியில் நின்று வாதாடிப் பயனில்லை.

சத்தமில்லாமல் ஏறும் பஸ்

மலைக்கு ஏற்றபடி வண்டியின் உள்ளுறுப்பை மாற்றும் வேலையில் இப்போது எல்லோரையும் முந்தியிருப்பது பஸ்கள்தான். 2022 செப்டம்பரில் திருமலைப் பாதையில் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. கியர் மாற்றும் உறுமல் இல்லை, புகை இல்லை. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. டிரம்மில் சூடாக வீணாகியிருக்க வேண்டிய சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது.

பழைய காருக்கும் இந்த வழி மூடப்படவில்லை. அங்கீகாரம் பெற்ற கிட்டை, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொருத்தி, ஆர்சியில் எரிபொருளை மின்சாரம் என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லா மாடலுக்கும் கிட் கிடைப்பதில்லை, விலையும் குறைவில்லை. வீட்டு வாசலில் செய்யும் வேலையும் இது இல்லை. நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஸ்பானர் பிடித்த கையை மன்னிக்காது. பேட்டரி என்பது இந்த வட்டாரத்துக்கு அந்நியமான பொருளும் அல்ல. அமரான் பேட்டரிகளைத் தயாரிக்கும் அமர ராஜா நிறுவனம் 1985இல் தொடங்கி வளர்ந்தது திருப்பதியை அடுத்த கரகம்பாடியில்தான்.

வாசலில் பானெட்டைத் திறந்து வைத்திருக்கும் சந்திரகிரிக்காரருக்கு இந்த மாற்றம் வந்துசேரச் சில வருடங்கள் ஆகலாம். அதுவரை அவர் செய்ய வேண்டியவை எளிமையானவை. பிரேக்கை முதலில் முடிப்பது, ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, ஆர்சியில் இருக்கும் எண்ணும் என்ஜினில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், சாலை காலியாக இருக்கும்போது, பாகராபேட்டைக் கணவாய்வரை நிதானமாக ஏறி, இரண்டாவது கியரிலேயே இறங்கி வரலாம். வீடு திரும்பியதும் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் எது தேறியது, எது தேறவில்லை என்று தெரிந்துவிடும்.