‘ஹேவ்’ என்னும் வினையும் மராட்டி வாக்கியமும்

ஆங்கிலத்தின் மிகச் சிறிய வினைகளுள் ஒன்றான ‘ஹேவ்’, பணம் வைத்திருப்பது, தம்பி இருப்பது, காய்ச்சல் அடிப்பது, தேநீர் அருந்துவது, கடிதம் எழுதி முடித்திருப்பது, எழுதியாக வேண்டியிருப்பது ஆகிய அனைத்தையும் ஒரே வடிவில் சொல்லிவிடுகிறது. மராட்டி பேசுவோருக்கு இதற்கு நேரான ஒற்றைச் சொல் கிடையாது. கையிலுள்ள பணத்தைச் சொல்ல ‘மாஜ்யாகடே பைஸே ஆஹேத்’, அதாவது ‘என் பக்கம் காசுகள் இருக்கின்றன’ என்பார்கள். உடன்பிறந்தாரைச் சொல்ல ‘மலா தோன் பாவூ ஆஹேத்’, ‘எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள்’ என்று நான்காம் வேற்றுமையை நாடுவார்கள். காய்ச்சலுக்கும் ‘மலா தாப் ஆஹே’ என அதே வேற்றுமைதான். ‘என்னிடம்’ என்றும் ‘எனக்கு’ என்றும் பிரித்தே பேசிப் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு எதுவும் இராது. இவ்வாக்கியங்கள் அனைத்திலும் எழுவாயாக நிற்பது பணமோ சகோதரரோ காய்ச்சலோதான். அவற்றுக்கு உரியவர் ஓரமாக, ஒரு வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டு நிற்கிறார்.

உடைமையைக் குறிக்கும் வினையே மராட்டியில் இல்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது பிழை. ‘பாளகணே’ என்றொரு வினை உண்டு. தன்னிடம் வைத்துப் பேணுதல், சுமந்திருத்தல் என்பன அதன் பொருள். உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தவரைப் பற்றிய செய்திகளில் இச்சொல் தவறாமல் வரும்; நம்பிக்கையையும் அச்சத்தையும் மனத்தில் கொண்டிருப்பதற்கும் இது பயன்படும். ஆயினும் இரண்டு சகோதரர்களை யாரும் ‘பாளகணே’ செய்வதில்லை. வைத்திருப்பவரின் விருப்பமோ முயற்சியோ இச்சொல்லில் கலந்திருப்பதே காரணம் எனலாம்.

ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் இத்தகைய முயற்சிச் சொல்லாகவே இருந்தது என்பது அதன் வேரைத் தேடிச் செல்லும்போது தெரியவருகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹப்பன்’ என வழங்கிய இவ்வினை, இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘கப்’ என மீட்டமைக்கப்படும், ‘பற்று, பிடி’ எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது. மூலமொழியின் ககரம் ஜெர்மானியக் கிளையில் ஹகரமாக மாறும் என்பது, 1822இல் யாக்கோப் கிரிம் விளக்கிய ஒலிமாற்ற விதிகளுள் அடங்கும். லத்தீனில் நூறைக் குறிக்கும் ‘கெந்தும்’ ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’ என நிற்பதும் இவ்விதிப்படியே. ஆகவே ‘ஹேவ்’ என்பதன் லத்தீன் உறவுச்சொல், கைப்பற்றுதலைக் குறிக்கும் ‘கபெரெ’ ஆகும். ஒலியிலும் பொருளிலும் இரட்டைப் பிறவிபோலத் தோன்றும் லத்தீன் ‘ஹபெரெ’ இதற்கு உறவே இல்லை. அது வேறொரு வேரிலிருந்து பிறந்தது, கொடுத்தலைக் குறிக்கும் ஆங்கில ‘கிவ்’ என்பதோடு அதனை இணைப்போரும் உண்டு. தோற்றத்தை நம்பிச் சொல்லாராய்ச்சி செய்வோருக்கு இதைவிடக் கூரிய எச்சரிக்கை கிடைப்பது அரிது.

பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வனிஸ்ட், 1960இல் வெளியான தம் கட்டுரையில், ‘ஹேவ்’ போன்ற வினையைத் தலைகீழாகத் திருப்பப்பட்ட ‘ஒருவருக்கு இருத்தல்’ என விளக்கினார். அவ்விளக்கப்படி, பொருளை எழுவாயாக வைக்கும் வாக்கியமே இயல்பானது, உரியவரை எழுவாயாக்குவது பின்னர் நேர்ந்த மாற்றம். சமஸ்கிருதம் ஆறாம் வேற்றுமையோடு இருத்தல் வினையைச் சேர்த்தே உடைமையைச் சொன்னது. லியோன் ஸ்டாசென் உலக மொழிகளின் அமைப்பு வரைபடத் தொகுப்புக்காக ஆராய்ந்த 240 மொழிகளுள் ‘ஹேவ்’ வகை வினையால் உடைமையைச் சொல்பவை 63 மட்டுமே. அவ்வகையில் தனித்து நிற்பது மராட்டி அன்று, ஆங்கிலமே எனலாம்.

இத்தேடலில் நெடுநேரம் நின்று பார்க்கத்தக்க இடம், முடிவுற்ற செயலைச் சொல்லும் வாக்கியமாகும். ‘அவர் கடிதம் எழுதியிருக்கிறார்’ என்பதற்கு ஆங்கிலம் உடைமை வினையை ஏன் துணைக்கு அழைக்கிறது என்ற ஐயம் மராட்டி மாணவருக்கு எழுவது இயல்பு. பழைய ஆங்கிலத்தில் அவ்வாக்கியம் ‘எழுதப்பட்ட நிலையில் கடிதத்தை அவர் வைத்திருக்கிறார்’ என்னும் பொருளில் அமைந்திருந்தது. ‘எழுதப்பட்ட’ என்னும் எச்சம் கடிதத்தைத் தழுவியதால், சில வேளைகளில் அக்கடிதத்தின் பால், எண், வேற்றுமைக்கேற்ப ஈறும் ஏற்றது. காலப்போக்கில் எச்சம் வினையோடு ஒட்டிக்கொள்ள, வைத்திருத்தல் என்னும் பொருள் கரைந்து, முடிவுற்ற காலத்தைக் காட்டும் குறி மட்டுமே எஞ்சியது.

மராட்டியின் வாக்கியமும் இதேபோன்ற எச்சத்திலிருந்துதான் கிளைத்தது. ‘த்யானே பத்ர லிஹிலே ஆஹே’ என்பதில் கடிதத்தைக் குறிக்கும் ‘பத்ர’ அலிப்பாற்சொல் ஆதலால் வினை ‘லிஹிலே’ என முடிகிறது. அதனிடத்தில் பெண்பாற்சொல்லான ‘சிட்டீ’ வந்தால் ‘லிஹிலீ’ என்றாகும். எழுதியவர் ஆணா பெண்ணா என்பது இவ்வினைக்கு ஒரு பொருட்டன்று. ‘என்னால் செய்யப்பட்டது’ எனப் பொருள்படும் சமஸ்கிருத ‘மயா க்ருதம்’ போன்ற தொடர்களின் வழித்தோன்றல் இது (‘னே’ என்னும் இன்றைய உருபின் பிறப்பு தனியே விவாதிக்கப்பட வேண்டியது). முதலாம் தாரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டிலுள்ள பழம்பாரசீகத் தொடரான ‘மனா கர்தம்’ என்பதை ‘என்னால் செய்யப்பட்டது’ என்று கொள்வதைவிட ‘எனக்குச் செய்யப்பட்டதாக உளது’, அதாவது உடைமைத் தொடராகவே கொள்ள வேண்டும் என 1952இல் பென்வனிஸ்ட் வாதிட்டது இங்கே நினைவுகூரத்தக்கது. செய்து முடித்ததைச் செய்தவரின் உடைமையாகக் காண்பது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய வழக்கமாக இருக்கவில்லை. ஆங்கிலம் செய்தவரை எழுவாயாக்கிவிட்டது. மராட்டி வினையோ செய்யப்பட்ட பொருளை இன்னும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

தேநீருக்கும் குளியலுக்கும் ‘ஹேவ்’ வருவது வெறும் வழக்கு; மராட்டியர் தேநீரை ‘எடுப்பார்கள்’, குளியலைச் ‘செய்வார்கள்’, அவ்வளவே. கட்டாயப் பொருள் அப்படி எளிதில் கடக்கக்கூடியதன்று. ‘எழுதுவதற்கு ஒரு கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்னும் அமைப்பே ஆங்கிலத்தில் ‘எழுதியாக வேண்டும்’ என்று இறுகியது. ஒட்டுதல், தாக்குதல் எனப் பொருள்படும் ‘லாகணே’ வினையைக் கொண்டு ‘மலா லிஹாவே லாகதே’ என மராட்டி சொல்வது இதற்கு நெருங்கிய ஈடு. ஆனால் அன்றாடப் பேச்சில் மிகுதியாக வரும் ‘மலா பத்ர லிஹாய்சே ஆஹே’ என்னும் வாக்கியம், எழுத விருப்பம் என்பதையும் எழுதும் கடமை உள்ளது என்பதையும் பிரிக்காமல் குறிக்கும். இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் மராட்டியர், விருப்பமா கடமையா என்பதைத் தாமே முடிவுசெய்த பிறகுதான் ‘ஹேவ்’ என்னும் வினையைத் தொட இயலும்.