நிலம் மலிவு, தண்ணீர்தான் விலை!

பாலைவனத்தில் போய் யாராவது விவசாயம் செய்வார்களா? செய்தார்கள்! 1901-க்குப் பிறகு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய கொலராடோ பாலைவனத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுகளோடு குடியேறினார்கள்.

கடல் மட்டத்தைவிடத் தாழ்வான இடம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயில். மழை பெயருக்குத்தான். ஆனால் மண்? கொலராடோ ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். தண்ணீர் மட்டும் வந்தால் பொன் விளையும். கலிபோர்னியா டெவலப்மென்ட் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் மெக்சிகோ வழியாகக் கால்வாய் கொண்டுவந்தது. பாலைவனம் என்றால் யார் வருவார்கள்? அதனால் 'இம்பீரியல் பள்ளத்தாக்கு' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். நல்ல விளம்பர உத்தி!

அப்படி வந்த ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பார்ப்போம். நிலம் அரசாங்கத்துடையது. 1877-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏக்கருக்கு 25 சென்ட் கட்டிப் பதிவு செய்யலாம். பாசனம் செய்து காட்டிய பிறகு இன்னும் ஒரு டாலர். ஒருவருக்கு 320 ஏக்கர் வரை. கொள்ளை மலிவு! ஆனால் ஏக்கருக்கு ஒன்று வீதம் நீர்க் கம்பெனியின் பங்குகளை வாங்க வேண்டும். பாயும் நீருக்குக் கட்டணம் தனி. பங்கு இல்லையென்றால் அந்த நிலம் வெறும் புழுதி. அதாவது அந்தக் குடும்பம் உண்மையில் வாங்கியது நிலத்தை அல்ல, ஒரு கம்பெனியின் வாக்குறுதியை.

வீடு என்பது பலகையும் கூடாரத் துணியும். மேலே புதர்க்கிளைகளை வேய்ந்த பந்தல். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் வாய்க்கால் தண்ணீர்தான். கலங்கலாக வரும். பீப்பாயில் ஊற்றி வைத்து, சேறு அடியில் தங்கிய பிறகு மேலாக மொண்டுகொள்ள வேண்டும். இத்தனை பாட்டுக்கும் பலன் இருந்தது. பார்லி விளைந்தது, குதிரை மசால் விளைந்தது, முலாம்பழம் ரயிலேறியது.

பீப்பாயின் அடியில் தங்கிய அதே சேறு கால்வாயிலும் தங்கியது. 1904-ல் கால்வாய் தூர்ந்துபோய்த் தண்ணீர் குறைந்தது. பயிர் வாடியது; விவசாயிகள் கொதித்தார்கள். கம்பெனி அவசர அவசரமாக மெக்சிகோ பகுதியில் ஆற்றங்கரையை வெட்டிப் புது வாய்க்கால் திறந்தது. மதகு? கட்டவில்லை! கையில் பணம் இல்லை, மெக்சிகோ அரசின் ஒப்புதலும் வரவில்லை. பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

1905-ல் வெள்ளம் அடுத்தடுத்து வந்தது. வெட்டு அகன்றுகொண்டே போய், கிட்டத்தட்ட கொலராடோ ஆறு முழுவதுமே பள்ளத்தாக்குக்குள் திரும்பிவிட்டது. தண்ணீர் இல்லை என்று தவித்தவர்களின் வயல்களையே தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. 1906-ல் மெக்சிகாலி ஊரின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. சதர்ன் பசிபிக் ரயில்வே தன் தண்டவாளத்தைத் திரும்பத் திரும்ப மேட்டுக்கு மாற்றியது. கடைசியில் அந்த ரயில்வேதான் வண்டி வண்டியாகப் பாறைகளைக் கொட்டி, 1907 பிப்ரவரியில் உடைப்பை அடைத்தது. தாழ்ந்த பகுதியில் தேங்கிய நீர்தான் இன்றைய சால்டன் கடல்.

கவனியுங்கள், மதகைத் தள்ளிப்போட முடிவெடுத்தது கம்பெனி. வயலை இழந்தது விவசாயி. லாபத்தில் பங்கு என்று சொல்லி விற்றவர்கள், ஆபத்தில் பெரும்பங்கை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டார்கள்!

இருந்தும் பல குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. 1911-ல் வாக்களித்துத் தங்களுக்கென ஒரு பொதுப் பாசன அமைப்பை உருவாக்கினார்கள். 1916-ல் அந்த அமைப்பு கால்வாய்களையே விலைக்கு வாங்கியது. 1940-களில் மெக்சிகோவுக்குள் போகாத புதுக் கால்வாயில் தண்ணீர் வந்தது. இன்று அமெரிக்கர்கள் குளிர்காலத்தில் சாப்பிடும் காய்கறிகளில் கணிசமான பங்கு அந்தப் பழைய பாலைவனத்தில்தான் விளைகிறது.

மலிவாக நிலம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தண்ணீர் யார் கையில் இருக்கிறது?