சிலம்பைச் செய்தவர்

மதுரைத் தெற்காவணி மூல வீதியை அடுத்த ஒரு மண்டபத்தில் பொன்வேலைக்காரரும் கல் பதிப்பவரும் வார்ப்பு வேலைக்காரரும் கூடிய கூட்டமொன்றுக்குச் செல்லும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. மேடைப் பிரசங்கங்களைவிட என் மனத்தைக் கவர்ந்தது, ஓரத்தில் உமியோட்டின் முன் சம்மணமிட்டமர்ந்து சங்கிலி வளையங்களைப் பற்றவைத்துக் காட்டிய முதிய ஆசாரி ஒருவரின் கைத்தொழிலே. வளையத்தின் வாயில் வெங்காரத்தைத் தடவி, எள்ளினும் சிறிய பொடியைச் சாமணத்தால் எடுத்து வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் அதன்மேல் சாய்த்தார். கன்னங்களில் காற்றைத் தேக்கிக்கொண்டே மூக்கால் மூச்சு வாங்கியதால் சுடர் ஒரு கணமும் அறவில்லை. பொடி உருகி ஓடும்போது பளிச்சென்று ஓர் ஒளி தோன்றுகிறது. அக்கணமே குழலை விலக்காவிட்டால் வளையமே உருகிவிடும். “கண்ணு சொன்னா மூச்சு நிக்கணும் தம்பி, அதுதான் தொழில்” என்றார் அவர்.

அந்தக் கண்ணைப் பற்றிய சிந்தனை என்னைச் சிலப்பதிகாரத்துக்கு இழுத்துச் சென்றது. இதே மதுரையில், பொற்கொல்லர் நூற்றுவர் பின்வர நடந்து வந்த அரண்மனைக் கொல்லனிடம் கோவலன் சிலம்பைக் காட்டுகிறான். அதன் வேலைப்பாடு முழுவதையும் அவன் ஊன்றி நோக்கியதாக இளங்கோவடிகள் பாடுகிறார். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் தானேயாதலால் அவனுக்கு உண்மை முன்பே தெரியும். ஆயினும் அவ்வேளையிலும் அவனுடைய கண் தன் தர்மத்தை விடாமல் பிறிதொருவர் கைத்திறனை மதித்து நோக்கியது என்றும், பொய்த்தது அவன் நாவே என்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒருவன் செய்த வஞ்சத்துக்காகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அக்காப்பியமே உரைக்கிறது.

ஒருவர் குற்றத்தை ஒரு தொழிலின்மேல் ஏற்றும் வழக்கம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், கள்ளக்கடத்தலையும் அந்நியச் செலாவணி நஷ்டத்தையும் தடுக்கும் நோக்குடன், 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்வதைத் தடைசெய்தன. கடத்தலில் யாதொரு பங்குமில்லாத பட்டறைகள் அணைந்தன. பிழைப்பிழந்து உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டாலும், 1968-இல் தனிச் சட்டமாகிய கட்டுப்பாடு 1990-இல்தான் நீங்கியது.

ஆனால், அக்காப்பியத்தில் நாம் எண்ணிப் பாராத மற்றொரு பொற்கொல்லர் இருக்கிறார். கண்ணகியின் சிலம்பைச் செய்தவர் யார்? பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து இருக்க, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கத்தை இட்டு மூடிய அந்தக் கரமல்லவா, அரசவையில் அது உடைபட்டபோது கோவலன் குற்றமற்றவன் என்று நிலைநாட்டியது? பொய்யுரைத்தவனும் பொற்கொல்லன், மெய்யுரைத்த சிலம்பைச் செய்தவரும் பொற்கொல்லர். முன்னவனை மட்டும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டு பின்னவரை மறந்துவிட்டது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சங்கத் தொகைநூல்களில் தங்கால் பொற்கொல்லனார், மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் என்னும் பெயர்கள் நிலைத்திருப்பது அவர்கள் பாடிய பாட்டாலன்றி, செய்த நகையாலன்று. இன்றைய நகையிலோ தர முத்திரையும், மாற்றின் அளவும், ஆறு எழுத்தெண்கள் கொண்ட அடையாளக் குறியும் பொறிக்கப்படுகின்றன. அப்பொன்னுக்கு உருக்கொடுத்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை. பொன்னின் தூய்மைக்குச் சாட்சி தேடும் நாம் செய்தவரின் பெயரையும் ரசீதில் ஒரு வரியாகவேனும் எழுதி வாங்கவேண்டும். பிழை நேர்ந்தால் உடனே ஆசாரியைத் தேடுகிற நாம், அழகு நேர்ந்தபோதும் அவரைத் தேடுவதே நியாயம்.