சின்னப்பர் கரையேறிய தீவில்

சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலின் நடுவே, 316 சதுரக் கிலோமீட்டர் பரப்பே கொண்ட சிறு நாடொன்று உண்டு. அதுவே மால்டா. உரோமைக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித சின்னப்பர், அதாவது இன்று நாம் பவுல் என வழங்கும் திருத்தூதர், கப்பல் உடைந்து கரையேறிய தீவு அது. குருமடத்தில் திருத்தூதர் பணிகள் நூலைப் பயின்ற நாள்தொட்டு அத்தீவைக் காணும் ஆவல் எம் உள்ளத்தில் இருந்து வந்தது. 2023 ஜூன் இறுதியில், புனிதர்கள் இராயப்பர், சின்னப்பர் திருவிழாவை ஒட்டி, பங்கு மக்கள் இருபத்தொருவருடன் அங்குச் செல்லும் பேறு கிடைத்தது.

அங்குக் கண்ட ஆலயங்களின் அழகை எழுத ஏடு போதாது. எனினும் அன்பர்களே, இம்முறை அதை எழுத வரவில்லை. திருயாத்திரை செல்வோர் தம் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பேணுவதைப் பற்றியே எழுத விரும்புகிறோம். அதற்கொரு காரணம் உண்டு.

பழைய தலைநகரான மதினாவை அன்று காலை கண்டோம். அங்குள்ள பேராலயம், தீவின் தலைவர் புப்பிலியுவின் இல்லம் இருந்த இடத்தில் எழுந்தது என்பது மரபு. அதன் மதிலுக்கு வெளியே இருப்பது இரபாத் என்னும் ஊர். சின்னப்பர் தங்கியதாக நம்பப்படும் கெபி அங்கேதான் உள்ளது. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுலும், 2010-இல் பதினாறாம் பெனடிக்டும், 2022-இல் பிரான்சிசும் அங்குச் சென்று செபித்தனர். நடந்தால் சில நிமிடத் தொலைவே. ஆனால் ஒரே இடத்தில் நின்று நின்று கண்டதில் பொழுது நண்பகலை நெருங்கிவிட்டது.

எம்முடன் வந்தோரில் அறுபத்தெட்டு வயதுத் தாய் ஒருவர் இருந்தார். கெபியைத் தரிசிக்கும்வரை உண்பதில்லை என்று நேர்ச்சை செய்து, அன்று காலை முதல் ஒருசந்தியாய் இருந்தார். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. உணவை விடுத்தாரேயன்றி, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கியிருந்தார். இரபாத்தின் தெருமுனையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, அப்படியே சுவரோரம் சரிந்தார்.

என்ன செய்வதென்று அறியாது திகைத்து நின்றோம். எதிர்க் கடையிலிருந்து ஓர் அம்மையார் ஓடி வந்தார். “இல்மா, இல்மா” என்று உள்ளே நோக்கிக் குரல் கொடுத்தார். மால்டா மொழியில் தண்ணீருக்கு அதுவே பெயர். நம் தாய்க்கு நினைவு முற்றும் தப்பவில்லை, விழுங்கவும் முடிந்தது. ஆதலால் சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். மற்றொருவர் 112 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினார். மருத்துவ ஊர்தியில் வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “இவர் உண்ணும் மருந்துகள் யாவை?” எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மருந்துச் சீட்டு விடுதியில், பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது.

இறையருளால் அன்று மாலையே அவர் தேறினார். படுக்கையருகே சென்றபோது கண்ணீருடன், “சாமி, நேர்ச்சையை முறித்துவிட்டேனே!” என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. ஏனெனில் முந்தின இரவே அந்நேர்ச்சையை எம்மிடம் அவர் சொல்லியிருந்தார். அவரது நோயையும் நாம் அறிவோம். அறிந்தும் தடுக்கவில்லை, “நல்லதம்மா” என்று பாராட்டவே செய்தோம். 59 வயது நிறைந்தோரைத் திருச்சபைச் சட்டம் ஒருசந்திக் கடமையிலிருந்து விடுவித்துள்ளது. தகுந்த காரணம் இருந்தால், தம் மக்களின் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரமும் பங்குக் குருவுக்கு உண்டு. அந்த ஒரு சொல்லை நாம் சொல்லியிருந்தால் அத்தாய் விழுந்திருக்க மாட்டார். குற்றம் அவருடையதன்று, எம்முடையதே.

“அம்மா, சின்னப்பர் கப்பலில் என்ன செய்தார் என்று கேளுங்கள்” என்று சொல்லி, திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை அவருக்கு வாசித்தோம். குளிர்காலம் நெருங்குகையில் கடற்பயணம் ஆபத்தானது என்று திருத்தூதர் முன்னரே எச்சரித்தார், கேட்பாரில்லை. புயலில் பதினான்கு நாள் உண்ணாதிருந்த 276 பேரையும் நோக்கி, உயிர் பிழைக்க உணவு அவசியம் என்று வற்புறுத்தினார். தாமே அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, எல்லார் முன்னும் உண்டார். ஒருவரும் அழியமாட்டார் என்ற வானதூதரின் வாக்கைப் பெற்றவர்தான் அவர்! அவ்வாக்குறுதியைக் காரணம் காட்டி அவர் உணவைத் தள்ளவில்லை. இதைக் கேட்ட தாயின் முகம் தெளிந்தது. மறுநாள் காலை வயிறார உண்டு, ஊர்தியில் சென்று, கெபியில் முழந்தாளிட்டார்.

அத்தீவின் வரலாறும் இதே பாடத்தையே போதிக்கிறது. காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வருந்திய புப்பிலியுவின் தந்தையை, சின்னப்பர் கைகளை வைத்து செபித்துக் குணமாக்கினார் என மறைநூல் கூறும். பின்னாளில் அத்தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்கள், 1574-இல் தலைநகர் வலெட்டாவில் பெரியதொரு மருத்துவமனையைக் கட்டத் தொடங்கினர். அதன் பெருங்கூடம் 155 மீட்டர் நீளமுடையது. நோயாளருக்கு வெள்ளித் தட்டில் உணவளித்தனர். பிரபு குலத்தில் பிறந்த வீரர்களே முறை வைத்துப் பணிவிடை செய்தனர்.

மற்றொரு செய்தி இல்லத்தரசிகளுக்குப் பயன்படும். ‘மால்டா காய்ச்சல்’ என்ற நோய் அங்கிருந்த பிரித்தானியப் படைவீரரை நெடுங்காலம் வாட்டியது. 1887-இல் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஆனால் அது எவ்வழியே பரவுகிறது என்பது விளங்கவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்ற மால்டா நாட்டு மருத்துவர், நோயற்றவைபோல் தோன்றிய வெள்ளாடுகளின் இரத்தத்தில் அந்நோயின் அடையாளத்தைக் கண்டார். காய்ச்சாத ஆட்டுப்பாலே காரணம்! படைவீரர் அப்பாலைக் கைவிட்டதும் நோய் வெகுவாகத் தணிந்தது. எனினும் 1995-இல் காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டியால் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. எந்நாட்டிற்குச் சென்றாலும், பாலும் பாலாடைக்கட்டியும் முறையாகப் பதப்படுத்தப்பட்டவை என்று உறுதியான பின்னரே உண்ணுங்கள்.

இனி, அங்குச் செல்ல எண்ணுவோருக்குச் சில சொற்கள்.

நாள்தோறும் உண்ணும் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வைக்க வேண்டாம். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழியாதலால் அது எவர்க்கும் புரியும். நம் நாட்டவர் அங்குச் செல்ல ஷெங்கன் விசா வேண்டும்; அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அப்பத்திரத்தின் படியொன்றைக் குழுத்தலைவரிடம் கொடுத்து வையுங்கள். ஆபத்து வேளையில் 112 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்; ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் எண் அதுவே.

‘வெயில் நமக்குப் புதிதா?’ என்று எண்ணாதீர்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். நம் ஊர்ச் சாலையில் ஒதுங்கப் புளியமரமும் வேப்பமரமும் உண்டு. அங்கோ மரநிழல் அரிது. மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்கள் வெப்பத்தைத் திருப்பி வீசும். ஆதலால் காலையிலும் மாலையிலும் நடந்து, நண்பகலில் ஓய்வு கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் உடன் இருக்கட்டும். குழாய்நீர் சற்றே உவர்க்கும். ஆயினும் குடிக்கத் தகுந்ததே. வலெட்டாவின் தெருக்கள் பல படிக்கட்டுகளாய் இறங்குபவை. காலங்காலமாய்த் தேய்ந்த கற்கள் மழையில் வழுக்கும். வழுக்காத காலணியே முதியோருக்கு ஊன்றுகோல்.

கடலோரம் செல்வோர் கொடிகளைக் கவனியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கலாகாது. ஊதாக் கொடி சொறிமீன் முதலியவற்றுக்கு எச்சரிக்கை. சொறிமீன் தீண்டினால் தேய்க்காமல், கடல்நீராலேயே கழுவி, உதவி நாடுங்கள். பாறை விளிம்புகளில் நின்று படம் எடுக்க முயலாதீர்கள். கோசோ தீவில் உலகப் புகழ்பெற்ற இயற்கைக் கல்வளைவொன்று நெடுங்காலம் நிமிர்ந்து நின்றது. 2017 மார்ச் 8-ஆம் நாள் புயலில் அது முழுவதுமாய்க் கடலில் சரிந்தது. ஊர்த் திருவிழாக்களில் வாணவேடிக்கை மிகுதி. குழந்தைகளின் கையைப் பிடித்து எட்ட நின்று காணுங்கள்.

கடவுள் காப்பார் என்பது நம் விசுவாசம். அவர் காப்பதோ பெரும்பாலும் மனிதர் கைகளாலேயே. சின்னப்பருக்கு அத்தீவினர் மழையிலும் குளிரிலும் தீ மூட்டிக் காட்டிய பரிவை, சர்க்கரை நீர்க் குவளையுடன் ஓடிவந்த அம்மையாரிடம் கண்டோம். அவர் பெயரைக் கேட்கவும் அன்று மறந்தோம். திருப்பலியில் அவரை மறப்பதில்லை. நேர்ச்சை செய்த அத்தாய் இன்றும் எம் பங்கில் நலமாய் இருக்கிறார். யாத்திரை புறப்படுவோர் ஆசீர் பெற வந்தால், அவர்களை நாம் முதலில் கேட்பது இதுவே: “மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டீர்களா? காலையில் உண்டீர்களா?” பிறகே சிலுவை அடையாளம் வரைகிறோம்.