என் விம்ஆர்சி, உங்கள் விம்ஆர்சி

அடி அண்ணாமலை கிராமத்தில் உள்ள வீட்டில் இருந்து நிரல் எழுதும் எனக்கு எடிட்டர் என்றால் விம்தான். 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்டது. அதன் அமைப்பெல்லாம் விம்ஆர்சி என்ற ஒரே கோப்பில் அடங்கிவிடும். என் கோப்பில் பாதி வரிகள், யார் யாரோ பொதுவில் பகிர்ந்து வைத்ததில் இருந்து எடுத்தவை.

தமிழில் எழுதுவோருக்கு விம்மில் ஒரு தலைவலி உண்டு. அதில் ஆங்கில எழுத்துகளே கட்டளைகள்: 'டிடி' அடித்தால் வரி போகும், 'யு' அடித்தால் திரும்ப வரும். கணினியின் விசைப்பலகையே தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் இருந்தால் இந்தக் கட்டளைகள் எடுபடாது. அதற்குத் தீர்வு கீமேப் கோப்பு: எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரிவரியாகச் சொல்லிவிடலாம். தட்டும்போது தமிழ் வரும். கட்டளைக்கு ஆங்கிலம் அப்படியே இருக்கும். விம்மோடு திஸ்கி குறியாக்கத்துக்கான பழைய தமிழ்க் கோப்பு ஒன்று வருகிறது. யூனிகோடில் தமிழ்99 வேண்டுமென்றால் நாமே எழுதிக்கொள்ளலாம்.

இப்படி எழுதியதையும் உங்கள் விம்ஆர்சியையும் கிட் (Git) களஞ்சியத்தில் போட்டுப் பகிருங்கள் நண்பர்களே. இரண்டே நிபந்தனை: கடவுச்சொல், சாவி எதுவும் அவற்றில் இருக்கக் கூடாது; அடுத்தவர் கோப்பை எடுக்கும்போது, புரியாத வரியை ஒட்டாதீர்கள். ':ஹெல்ப்' என்று தட்டினால் விம்மே விளக்கம் சொல்லும்.