மலையும் விலையும்

மொனராகலையிலிருந்து கொழும்புப் பத்திரிகை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிய காலத்தில் என் கையெழுத்தில் அதிகம் போனவை இரண்டே வகைச் செய்திகள். ஒன்று மழை, மற்றையது விலை. மழை பெய்யாவிட்டால் கீழே எங்கள் பக்கத்தில் வரட்சி. அளவுக்கு மீறிப் பெய்தால் மேலே பதுளைப் பக்கத்தில் மண்சரிவு. விலை என்றால் இறப்பர், கரும்பு, சோளம், மேட்டு நிலத்தில் தேயிலை. இந்த இரண்டுக்கும் தலைப்பிடும்போது ஆசிரியபீடத்தார் கையாளும் சொற்களும் அநேகமாக ஒன்றே: “திடீர்”, “எதிர்பாராத”, “வழமைக்கு மாறான”.

இச்சொற்களோடு பல்லாண்டுகள் வாழ்ந்த பின்னர்தான், வானிலையையும் சந்தை விலையையும் ஆராயப் புகுந்து கணிதத்தில் புதிய பாதைகளைத் திறந்த இருவரைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. கணிதத்தில் நான் பண்டிதன் அல்லன். ஆயினும் ஊவா மலைகளைப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு அவர்கள் சொல்வது அந்நியமாகப் படவில்லை.

முதலாமவர் எட்வர்ட் லோரன்ஸ். அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் வானிலை ஆய்வாளராக இருந்தவர். 1961இல் தமது கணினியில் ஓடிய வானிலை மாதிரி ஒன்றின் ஒரு பகுதியை மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்பினார். முன்னர் அச்சாகியிருந்த தாளைப் பார்த்து 0.506 என்ற எண்ணை இட்டார். கணினியின் நினைவிலிருந்த முழு எண்ணோ 0.506127. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வேறுபாடு. அப்படியிருந்தும் மாதிரியில் சில மாதங்கள் கழிவதற்குள் பழைய வானிலைக்கும் புதிய வானிலைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாமற் போயிற்று. இத்தனைக்கும் அந்தச் சமன்பாடுகளில் தற்செயலுக்கு இடமே கிடையாது. விதிகள் முழுமையாகத் தெரிந்திருந்தும், தொடக்கத்தில் இருக்கும் ஒரு சிறு பிசகு வளர்ந்து பெருகி, நெடுநாள் எதிர்வுகூறலை முறியடித்துவிடுகிறது. இதை 1963இல் கட்டுரையாக வெளியிட்டார். 1972இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பில் இடம்பெற்ற வண்ணத்துப்பூச்சிதான் பிற்பாடு உலகப் புகழ் பெற்றது. கேயாஸ் கோட்பாடு என்று நாம் இன்று சொல்வதன் வேர்களில் ஒன்று இது.

இரண்டாமவர் பெனுவா மண்டல்ப்ரோ. 1924இல் போலந்தில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர், 2010இல் காலமானார். லோரன்ஸின் கட்டுரை வெளிவந்த அதே 1963இல், பருத்தி விலையின் ஏற்ற இறக்கங்களைப் பற்றி அவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார். விலை மாற்றங்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் அடங்கி நிற்கும் என்பது அந்நாளைய பொருளியலாளரின் நம்பிக்கை. பருத்தி அதற்கு இணங்கவில்லை. நாள் கணக்கில் பார்த்தாலும் மாதக் கணக்கில் பார்த்தாலும் மாற்றங்களின் சாயல் ஒன்றுபோலவே இருந்தது. பெரிய பாய்ச்சல்களோ கொள்கை அனுமதித்ததைவிட மிக அதிகம்.

இதனை இப்படி விளங்கிக்கொள்ளலாம். மனிதரின் சராசரி உயரம் ஐந்தரை அடி என்றால், ஏழடி ஆளை அபூர்வமாகக் காண்போம். ஐம்பது அடி ஆளைக் காணவே மாட்டோம். விலைகளின் உலகத்தில் ஐம்பது அடி ஆட்கள் நடமாடுகிறார்கள். 1987 ஒக்டோபர் 19ஆந் திகதி நியூயோர்க்கின் டௌ ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 22.6 சதவீதம் வீழ்ந்தது அத்தகைய ஒன்று. தொலைவில் தேட வேண்டியதுமில்லை. 2011இன் தொடக்கத்தில் உலகச் சந்தையில் கிலோ 6 டொலர் அளவை எட்டிய இறப்பர், ஐந்தே ஆண்டுகளில் ஒன்றரை டொலருக்கும் கீழே இறங்கியது. எங்கள் மாவட்டத்தில் அந்த விலையை நம்பிக் கன்று நட்டவர்கள், மரம் பால் தரும் பருவத்துக்கு வந்தபோது எதிர்கொண்டது இந்த வீழ்ச்சியைத்தான். இரண்டு விலைகளின் சராசரி என்று ஒன்று உண்டுதான். அந்தச் சராசரி விலைக்கு யாரும் பால் விற்கவில்லை.

மண்டல்ப்ரோ 1975இல் “பிராக்டல்” என்ற சொல்லை உருவாக்கினார். உருப்பெருக்கிப் பார்க்கப் பார்க்க, பகுதியும் முழுமையைப் போலவே தோற்றமளிக்கும் வடிவங்களுக்கு அது பெயர். லயத்துச் சுவரோரம் முளைத்திருக்கும் பன்னத்தின் ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிளையும் சிறிய அளவில் ஒரு முழு இலையே. நமுணுகலை மலையில் பிறந்து, புத்தலையைத் தொட்டு, கதிர்காமத்தைக் கடந்து கடல் சேரும் மாணிக்க கங்கையின் கிளைகளை வரைபடத்தில் பாருங்கள். ஆறு ஓடைகளாகவும், ஓடை நீர்க்கால்களாகவும், நீர்க்கால் மழைக் கீறல்களாகவும் அதே முறையிற் பிரிந்து செல்கிறது. பிரித்தானியக் கரையோரத்தின் நீளம் எவ்வளவு என்று 1967இல் அவர் எழுப்பிய கேள்வியும் இத்தகையதே: அளவுகோல் சிறிதாகச் சிறிதாக நீளம் வளர்ந்துகொண்டே போகும். வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு மலையேறும் பாதையில் பயணித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காகம் பறக்கும் தூரம் ஒன்று. பேருந்து வளைந்தேறும் தூரம் வேறு. பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்துக் கூடைக்காரி குறுக்குப் பாதையில் ஏறி இறங்கும் தூரம் இன்னொன்று. கொழும்பை வாழ்விடமாக்கிக்கொண்ட ஆர்தர் சி. கிளார்க், மண்டல்ப்ரோவின் கணிதத்தை உலகுக்கு எடுத்துச் சொல்லும் ஆவணப்படம் ஒன்றை 1995இல் தொகுத்து வழங்கினார் என்பதும் எம்மவர் அறிய வேண்டிய செய்தி.

இதுவரை சொன்னவை அறிவுக்கு விருந்து. இனிச் சொல்லப்போவதுதான் என்னை உறுத்தும் விடயம்.

1987இல் பெர் பாக், சாவோ டாங், கர்ட் வீசென்ஃபெல்ட் என்ற மூன்று பௌதிகவியலாளர்கள் மணற்குவியலைப் போன்ற ஒரு மாதிரியை அமைத்தார்கள். மேலிருந்து ஒவ்வொரு மணியாகப் போடுகிறோம். குவியல் உயர்ந்து செங்குத்தாகி ஒரு நிலையை அடைகிறது. அதன்பின் விழும் அடுத்த மணி ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். நான்கு மணிகளை உருட்டலாம். குவியலின் ஒரு பக்கத்தையே சரித்துவிடலாம். மூன்று சந்தர்ப்பங்களிலும் விழுந்த மணி ஒரே அளவானதுதான். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தீபக் தார், இந்த மாதிரிக்குக் கணித முறையில் துல்லியமான தீர்வுகளைக் கண்டார். 2022இல் போல்ட்ஸ்மன் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. மெய்யான மணல் இந்த மாதிரிக்கு முற்றாகப் பணியவில்லை. ஆனால் 1996இல், இன்று எம்மவர் பலர் வாழும் ஒஸ்லோவில், ஆய்வாளர்கள் அரிசியைக் குவித்துப் பார்த்தபோது, நீண்ட மணி அரிசி ஏறத்தாழ அவ்வாறே நடந்துகொண்டது.

கடைசியாக விழுந்த மணியிடம் விளக்கம் கேட்பதில் பயனில்லை என்பதே இதன் பாடம். கேட்க வேண்டியது சரிவு எப்படி அந்நிலைக்கு வந்தது என்று.

ஊவாவின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் கவனிக்கப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரமே அழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி இழுத்து மூடப்பட்டது. குற்றவாளி ஒரு பூஞ்சணம் என்பது உண்மை. ஆனால் 1880இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டு வைத்திருந்தமையே அது பரவுவதற்கு வழி திறந்தது என்று கண்டார். புள்ளி எந்த இலையில் முதலில் விழும் என்பதை எவராலும் சொல்லியிருக்க முடியாது. குவியல் செங்குத்தாகிவிட்டதைச் சொல்லியிருக்கலாம்.

இப்போது மீரியபெத்தைக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மீது மலை இறங்கியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அன்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் அனைத்திலும் முதற் கேள்வி “எத்தனை பேர்?” என்பதே. நூறைத் தாண்டிச் சொல்லப்பட்ட எண் பின்னர் பெருமளவு குறைந்தது. எண்ணைச் சுற்றியே பல நாட்கள் கழிந்தன. தலைப்புகள் வழக்கம்போல “அடைமழையால் மண்சரிவு” என்றன.

மழை அந்தக் கடைசி மணி. மலையின் நிலையோ முன்பே தெரிந்திருந்தது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கான மண்சரிவு அபாய வரைபட வேலைகள் தொண்ணூறுகளிலேயே தொடங்கிவிட்டன. மீரியபெத்தையிலிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தவர்கள் நாளைக் குறிப்பிடவில்லை. லோரன்ஸின் கணிதப்படி அதற்கு வாய்ப்பும் இல்லை. ஆனால் நாள் தெரியாது என்பது, நடக்காது என்பதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

“போகச் சொன்னார்களே, ஏன் போகவில்லை?” என்று கொழும்பில் சிலர் கேட்டார்கள். பசறைப் பாதையோரத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்றிருந்த முதிய கங்காணி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்ன பதில்: “எங்க போறது தம்பி? லயம் தோட்டத்தோடது, நெலம் தோட்டத்தோடது. வேற எடத்துல ஒரு அடி மண்ணு நம்ம பேருல இல்ல. மல எறங்கும்னு எங்களுக்குத் தெரியாதா? மழ பேஞ்சா ராவெல்லாம் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மலையைக் கட்டிக் காத்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமையும் அந்தக் குவியலின் ஒரு பகுதிதான். தப்பியவர்களுக்கு 2016இல் மக்கள்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சும் வலுப்பெற்றது. மலை இறங்கிய பின்னர் கிடைத்த அந்த நிலம் முன்னரே கிடைத்திருந்தால், 2011இன் எச்சரிக்கைக்குப் பயன் இருந்திருக்கும்.

விலையிலும் கதை இதுவே. 2021 செப்டெம்பரிலிருந்து டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இறுகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த நாணயம், 2022 மார்ச்சில் கைவிடப்பட்டதும் இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்குச் சரிந்தது. சிறு சிறு சரிவுகளை மறித்து வைத்ததால் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின. நாட்சம்பளக்காரர் வீட்டு மாவும் மண்ணெண்ணெயும் அதன் அடியில் நசுங்கின. எந்த நாளில் என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லைதான்; டொலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்ததை மாதந்தோறும் வெளியான கணக்குகளே காட்டின.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பதுளையும் நுவரெலியாவும் கண்டியும் மண்சரிவுகளால் குதறப்பட்டன. “வரலாறு காணாத மழை” என்று எழுதினோம். மழையின் அளவைப் பொறுத்தவரை அந்தச் சொல்லில் நியாயம் உண்டு. ஆனால் சரிந்த ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியே ஒரு முன்கதை இருந்திருக்கும்: வெட்டப்பட்ட காடு, தூர்ந்துபோன வடிகால், செங்குத்தாக அறுக்கப்பட்ட மண்மேடு, வேறு போக்கிடமற்ற குடும்பம். அவற்றைத் தேடி எழுத அதிகம் பேர் போகவில்லை.

செய்தித் துறையில் இன்று இருக்கும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாரியிலும் ஏதோவொரு தோட்டத்திலிருந்து அழைப்பு வரும். எத்தனை மில்லிமீற்றர், எத்தனை பேர் என்பவற்றைக் கேளுங்கள், அவை தேவைதான். கூடவே இரண்டு கேள்விகள்: இந்தச் சரிவு அபாய வரைபடத்தில் எந்த ஆண்டு குறிக்கப்பட்டது? அங்கிருந்தவர்களுக்கு மாற்று நிலம் எங்கே காட்டப்பட்டது? இவ்விரண்டுக்கும் விடை பெற மலை இறங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வெயில் காலத்திலேயே பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்கலாம்.